டாக்டர் சீட்டுக்கு முன்னால் இனிஷியலைப் பாருங்க சார்!

தமிழ்நாட்டில் பிறந்த பிள்ளை சந்திக்கும் முதல் இன்டர்வியூ எது தெரியுமோ? வீட்டுக்கு வரும் சொந்தக்கார மாமா நடத்துவதுதான். "பெரியவனா ஆனா என்னடா ஆகப் போறே?" பதில் ரெடி: "டாக்டர்!" உடனே ஒரு பிஸ்கட் பாக்கெட் பரிசு. எல்லோருக்கும் சந்தோஷம்.

பன்னிரண்டு, பதிமூன்று வருஷம் கழித்து முன்பின் தெரியாத நாலு பேர் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, அதே கேள்வியில் ஒரே ஒரு வார்த்தை கூட்டிக் கேட்கிறார்கள். "ஏன் டாக்டர் ஆகணும்?" பையனுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. பாவம், அவன் என்ன செய்வான்? பிஸ்கட் கொடுத்தவர் யாரும் அந்த 'ஏன்'-ஐக் கேட்டதே இல்லையே!

திருவள்ளூர் மாவட்டத்தில், ஆர்.கே.பேட்டைப் பக்கம் அம்மையார்குப்பம். திருத்தணி மலையை முதுகுப் பக்கம் விட்டு பஸ்ஸில் போனால், ஊர் பெயர்ப் பலகைக்கு முன்னாலேயே தறிச் சத்தம் வந்து 'வாங்க' என்று சொல்லிவிடும். கொஞ்ச தூரம் தாண்டினால் ஆந்திரா. திருத்தணி வட்டாரம் தமிழ்நாட்டோடு (அப்போது சென்னை ராஜ்யம்) சேர்ந்ததே 1960 ஏப்ரல் 1-ம் தேதிதான். கோடு காகிதத்தில்தான் விழுந்தது, பேச்சில் விழவில்லை. ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் புழங்கும். அப்பாவை 'நைனா' என்று கூப்பிடுகிற வீடுகள் உண்டு. கொடுக்கல் வாங்கல், கல்யாணம் காட்சி எல்லாம் கோட்டின் இரண்டு பக்கமும்தான்.

இந்த மாதிரி ஊரில் ஒரு நெசவாளி வீட்டுப் பையனுக்கு டாக்டர் சீட்டு என்றால் சும்மாவா? நல்லபடியாகக் கிடைத்தால் குடும்பத்தின் ஜாதகமே மாறும். கிடைக்காமல் போவதற்கு மார்க் மட்டும் காரணமாக இருந்தால் மனசு ஆறிவிடும். ஒரு சர்டிபிகேட், ஓர் எழுத்து, ஒரு கையெழுத்து காரணமாகப் போனால்? ஆயுசுக்கும் ஆறாது.

அதனால்தான் இந்தக் கட்டுரை பையனுக்கு அல்ல... உங்களுக்கு! ஆமாம், ஆபீஸுக்குப் போய்வந்துகொண்டிருக்கும் அண்ணனே, உங்களுக்குத்தான். ராத்திரி பகலாகப் படிக்கிறவன் தம்பி. படிவம் நிரப்பப்போவது யார்? தாலுகா ஆபீஸுக்கு அலையப்போவது யார்? வீட்டிலேயே இன்டர்வியூவுக்குப் போய் வேலை வாங்கிய ஒரே ஜீவன் யார்? நீங்கதான் சார்!

சிபாரிசு லெட்டர் காலம்

மருத்துவக் கல்லூரிக்கு இன்டர்வியூ என்பது நம் மாநிலத்துக்குப் புதிதல்ல. ஒரு காலத்தில் சர்க்கார் கல்லூரிகளுக்கே அது இருந்தது. பையனுக்கு மார்க் வந்த அன்றே, அப்பா யாரிடம் லெட்டர் வாங்கலாம் என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார் என்பது அந்தக் காலத்து வீட்டுப் பேச்சு.

1970-71 சேர்க்கை பற்றிய பெரியகருப்பன் வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போனது. அப்போதைய முறையில் படிப்பு மார்க்குக்கு 200, நேர்முகத்துக்கு 75. ஆக மொத்தம் 275-ல் நூற்றுக்கு 27 பங்கு, அறைக்குள் நாலு பேர் போடும் மார்க்! எதற்கெல்லாம் மார்க் என்றால், விளையாட்டு அல்லது என்.சி.சி., பாடத்துக்கு வெளியே செய்த சேவை, உடல் வலு, பொதுத் திறமை, இந்தப் படிப்புக்கான நாட்டம். 75 கொஞ்சம் ஜாஸ்திதான், அரசு மறுபடி யோசிக்கலாம் என்று நீதிபதிகள் சொன்னார்கள். ஆனால் அந்தக் காரணத்துக்காக அதைச் செல்லாது என்று தள்ளவில்லை. கல்லூரிகளை 'யூனிட்' வாரியாகப் பிரித்து, தனித்தனிக் கமிட்டி வைத்து ஆள் எடுத்த முறையைத்தான் தள்ளினார்கள். அதற்கு முன்பே 1968-ல், மாவட்டவாரியாக சீட்டைப் பங்கிட்டதும் ராஜேந்திரன் வழக்கில் அடிபட்டுப் போயிருந்தது.

இன்டர்வியூவுக்கு சரியான பூட்டுப் போட்டது 1980 நவம்பரில் வந்த அஜய் ஹாசியா தீர்ப்பு. ஸ்ரீநகர் பொறியியல் கல்லூரி விவகாரம் அது. 150 மார்க்கில் 50 நேர்முகத்துக்கு. ஆனால் ஒவ்வொரு பையனையும் உட்காரவைத்துப் பேசியது இரண்டு, மூன்று நிமிஷம்! அப்பா பேர் என்ன, எந்த ஊர் என்று கேட்டு முடித்துவிட்டார்கள் என்று புகார். சுப்ரீம் கோர்ட் சொன்னது: நேர்முகத்துக்கு 15 சதவிகிதத்துக்கு மேல் கொடுப்பது நியாயமில்லை, பேசுவதை டேப்பில் பதிவு செய்தாலும் நல்லது. டேப் ரெகார்டருக்கு இப்படி ஒரு மரியாதை அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததாகத் தெரியவில்லை!

தமிழ்நாட்டில் 1984-ல் நுழைவுத் தேர்வு வந்தது. 2006 சட்டத்தின்படி அது ஒழிந்து, 2007 சேர்க்கையிலிருந்து பிளஸ் டூ மார்க் மட்டும் போதும் என்று ஆனது. 2017-லிருந்து நீட். அது வேண்டும், வேண்டாம் என்ற சண்டையை மேடைக்காரர்களிடம் விட்டுவிடுவோம். வீட்டில் பையன் இருப்பவருக்கு இந்த வருஷம் எது நடைமுறையோ அதுதான் சட்டம்.

வேலூரில் மூன்று நாள்

இன்டர்வியூ என்றாலே நம்ம பக்கத்துப் பெரியவர்கள் சொல்வது வேலூர் சி.எம்.சி.யைத்தான். ஐடா ஸ்கடர் அம்மையார் 1918-ல் பெண்களுக்கு மட்டும் என்று ஆரம்பித்த மருத்துவப் பள்ளி அது. ஆண்களைச் சேர்த்துக்கொண்டது 1947-ல். நாட்டுக்கும் நம்மவர்களுக்கும் ஒரே வருஷத்தில் விடுதலை!

பல வருஷங்கள் அங்கே எழுத்துத் தேர்வில் தேறியவர்களை வரவழைத்து, சுமார் மூன்று நாள் வளாகத்திலேயே வைத்துப் பார்ப்பார்கள். தனியாகக் கேள்வி கேட்பதோடு சரியில்லை. கூட்டாக ஒரு வேலை கொடுப்பார்கள். யார் அதட்டுகிறான், யார் ஒதுங்கி நிற்கிறான், யார் பக்கத்தில் இருப்பவனுக்குக் கை கொடுக்கிறான் என்று பார்ப்பார்கள். பெண் பார்க்கப் போகும்போது ஒரு மணி நேரம் நல்லவனாக நடிக்கலாம். மூன்று நாள் நடிக்க சிவாஜி கணேசனால்தான் முடியும்!

நீட் வந்தபோது இந்த முறை ஆட்டம் கண்டது. 2017-ல் சி.எம்.சி. எம்.பி.பி.எஸ்.ஸுக்கு ஒரே ஒரு மாணவரை மட்டும் சேர்த்தது. 2020 ஏப்ரலில், சிறுபான்மைக் கல்லூரிகளுக்கும் நீட் உண்டு என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆக, வேலூர் பஸ்ஸைப் பிடித்து இன்டர்வியூவுக்குப் போன காலம் முடிந்தது.

'அப்பாடா, இன்டர்வியூ தொல்லை விட்டது' என்று சாயாதீர்கள். அறைக்குள்ளிருந்த இன்டர்வியூ இப்போது இ-சேவை மைய கவுண்டருக்கு இடம் மாறியிருக்கிறது. அங்கே கேள்வி கேட்பது கம்ப்யூட்டர். அதற்கு இரக்கம் கிடையாது, சிபாரிசும் எடுபடாது.

பேர் ஒன்று, எழுத்து மூன்று

எல்லையோர வீடுகளுக்கென்றே ஒரு தனிப் பிரச்சினை உண்டு. தமிழ் வழக்கில் இனிஷியல் என்றால் அப்பா பேரின் முதல் எழுத்து. தெலுங்கு வழக்கில் வீட்டுப் பேர் முன்னால் வரும். ஆதார் எடுக்க வந்தவர் ஒன்றைப் போடுவார், பள்ளிக்கூட ரெஜிஸ்டரில் வாத்தியார் ஒன்றைப் போட்டிருப்பார், ரேஷன் கார்டில் மூன்றாவது ஒன்று இருக்கும். மூன்றும் ஒரே பையன்தான் என்று ஊருக்கே தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாதே!

பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் பேர் எப்படி இருக்கிறதோ, அதையே அடிப்படையாக வையுங்கள். ஆதாரை அதற்கு ஒத்துவரத் திருத்துங்கள். நீட் படிவத்திலும் அதே எழுத்து, அதே இடைவெளி, அதே புள்ளி. இதைப் பிளஸ் ஒன் லீவிலேயே செய்யுங்கள். பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு தாலுகா ஆபீஸ் கியூவில் நின்றால், முன்னால் நூறு பேர் இதே காரணத்துக்காக நிற்பார்கள்.

அடுத்தது, எங்கே படித்தான் என்ற கேள்வி. 'மாமா வீடு நகரியில இருக்கு, ரெண்டு வருஷம் அங்க படிக்கட்டுமே' என்று சாதாரணமாக அனுப்பிவிடுவோம். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டிலேயே படித்த பையனுக்கு ஒரு வழி. நடுவில் கோட்டைத் தாண்டிப் படித்திருந்தால், இருப்பிடச் சான்றிதழ், அப்பா அம்மா இந்த மாநிலத்துக்காரர்தான் என்பதற்கான காகிதம் என்று தனியாக நிரூபிக்க வேண்டும். சாதிச் சான்றிதழும் தமிழ்நாட்டு அதிகாரி கொடுத்ததாக இருக்க வேண்டும். அந்தப் பக்கத்துத் தாசில்தார் கொடுத்த காகிதம் இந்தப் பக்கம் இட ஒதுக்கீட்டுக்கு உதவாது. 69 சதவிகித இட ஒதுக்கீடு உள்ள மாநிலத்தில் அந்தக் காகிதம் இல்லாமல் பொதுப்பட்டியலில் நின்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவதுதான் பெரிது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவிகிதம் உள் ஒதுக்கீடு. 2020-ல் வந்தது. வந்த முதல் வருஷமே எம்.பி.பி.எஸ்., பல் மருத்துவம் இரண்டும் சேர்த்து 405 இடங்கள் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கென ஒதுங்கின. இந்த வழியில் சேருகிறவர்களின் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. நெசவாளி வீட்டுக்கு இதைவிடப் பெரிய கதவு கிடையாது.

ஆனால் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். (கட்டாயக் கல்விச் சட்டத்தில் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் இலவசமாகப் படித்துவிட்டு, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கும் உண்டு.) அரசு உதவி பெறும் பள்ளி கணக்கில் வராது. 'பிளஸ் டூவுக்கு மட்டும் நல்ல பிரைவேட் ஸ்கூல்ல போடலாம்' என்று கடன் வாங்கிச் சேர்க்கும் அப்பாக்கள், ஃபீஸோடு சேர்த்து இந்தக் கதவையும் கட்டிவிடுகிறார்கள். பத்தாவது முடிந்ததும் எடுக்கும் அந்த ஒரு முடிவை, பையனையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு எடுங்கள்.

*பெட்டியில் போட்டு வையுங்கள்*

• பத்து, பதினொன்று, பன்னிரண்டு மார்க் ஷீட்டுகள், டி.சி.
• நீட் ஹால் டிக்கெட், மார்க் அட்டை
• தமிழ்நாட்டுச் சாதிச் சான்றிதழ்
• வெளிமாநிலத்தில் படித்திருந்தால் இருப்பிடச் சான்றிதழ், பெற்றோர் ஆவணங்கள்
• 7.5 சதவிகிதத்துக்கு: ஆறாம் வகுப்பிலிருந்து படித்த ஒவ்வொரு பள்ளியிலும் தலைமை ஆசிரியரிடம் வாங்கிய சான்று
• நீட் படிவத்துக்குக் கொடுத்த அதே போட்டோவில் கூடுதல் பிரதிகள்
• படிவத்தில் கொடுத்த செல்போன் நம்பர், இ-மெயில், பாஸ்வேர்டு எழுதிய ஒரு நோட்டு (பிரவுசிங் சென்டர் தம்பியின் நம்பரைக் கொடுத்துவிட்டு அவரைத் தேடி அலையாதீர்கள்!)

ஒவ்வொரு வருஷமும் தேர்வுக் குழு விளக்கக் குறிப்பேடு வெளியிடும். டீக்கடையில் சொன்னார்கள், போன வருஷம் அப்படித்தான் என்பதெல்லாம் வேண்டாம். அந்த வருஷக் குறிப்பேட்டை நீங்களே ஒருமுறை முழுசாகப் படியுங்கள். ஆபீஸில் ஜி.ஓ. படித்துப் பழகிய கண்தானே!

இன்டர்வியூ இன்னும் இருக்கிறது... புனேயில்!

ராணுவத்துக்கு டாக்டர் வேண்டும் அல்லவா? புனேயில் இருக்கும் ஆயுதப் படை மருத்துவக் கல்லூரி, ஏ.எஃப்.எம்.சி., அதற்காகவே நடக்கிறது. எம்.பி.பி.எஸ். படிப்பு அங்கே 1962-ல் தொடங்கியது. படிப்புக்குக் கட்டணம் கிடையாது. முடித்ததும் ராணுவ மருத்துவ சேவை கட்டாயம், விட்டு ஓடினால் பெரிய தொகை கட்ட வேண்டும். கல்யாணம் ஆகாதவர்தான் சேரலாம். (நம் வீட்டில் பதினெட்டு வயதுக்காரனுக்கு இந்த நிபந்தனையால் கஷ்டம் வராது.)

இதுவரை வந்த அறிவிப்புகளின்படி நம் நாட்டு மாணவர்களுக்கு 145 இடங்கள், அதில் 30 பெண்களுக்கு. நீட் மார்க்கை வைத்து ஒரு பட்டியல் எடுத்துக் கூப்பிடுவார்கள். அங்கே ஆங்கிலம், காரண காரிய அறிவு பற்றி கம்ப்யூட்டரில் ஒரு சின்னத் தேர்வு, மனநிலைத் தேர்வு, நேர்முகம், உடல் பரிசோதனை. நீட்டும் அந்தச் சின்னத் தேர்வும் சேர்ந்து 200 மார்க், நேர்முகத்துக்கு 50. ஐந்தில் ஒரு பங்கு! விளிம்பில் நிற்கிற பையனை உள்ளே தள்ளவும் வெளியே தள்ளவும் அந்த 50 போதும்.

வெளிநாட்டிலும் இந்த 'ஏன்' விடுவதில்லை. கனடாவில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2004-ல் ஒரு புது முறையை எழுதி வெளியிட்டார்கள். ஒரே அறையில் ஒரே குழு கேட்டால், முதல் நிமிஷத்தில் பிடிக்காமல் போனவனுக்குக் கடைசி வரை பிடிக்காது. அதனால் பத்துப் பன்னிரண்டு சின்ன நிறுத்தங்கள். ஒவ்வொன்றிலும் சில நிமிஷம், வேறு வேறு ஆள், வேறு வேறு சூழ்நிலை. ஒரு நிறுத்தத்தில் சொதப்பினாலும் அடுத்த கதவில் புது வாழ்க்கை! பல நாடுகளில் இன்று இதுதான் வழக்கம்.

இங்கிலாந்தில் 2026 சேர்க்கையிலிருந்து விண்ணப்பக் கட்டுரையை மூன்று கேள்வியாகப் பிரித்துவிட்டார்கள். ஏன் இந்தப் படிப்பு? இதுவரை படித்தது உன்னை இதற்கு எப்படித் தயாராக்கியது? பள்ளிக்கு வெளியே என்ன செய்தாய்? நம் பையன் இங்கிலாந்து போகாவிட்டால் என்ன? இந்த மூன்றுக்கும் ஒரு நோட்டில் அரைப் பக்கம் பதில் எழுதச் சொல்லுங்கள். எந்த ஊர் இன்டர்வியூவுக்கும் அது அஸ்திவாரம்.

'ஏன்' என்றால் என்ன சொல்வது?

வீட்டுத் திண்ணையில் ஒரு ஒத்திகையைக் கற்பனை செய்து பாருங்கள். அண்ணன் நாற்காலியில். தம்பி எதிரே.

"ஏன்பா டாக்டர் ஆகணும்?"

"ஏழைகளுக்குச் சேவை செய்யணும் சார்."

"நர்ஸ் சேவை செய்யலையா? ஆம்புலன்ஸ் டிரைவர் செய்யலையா?"

"..."

"சரி, எந்த ஏழை? பேரு சொல்லு."

"அண்ணே, இன்டர்வியூல இப்படியெல்லாமா கேப்பாங்க?"

"கேக்கட்டும், கேக்காம போகட்டும். நீ யாரைப் பாத்து இந்த நெனப்பு வந்துச்சு? அதைச் சொல்லு."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் பையன் மெதுவாக: "நைனாவுக்கு இடது காது கேக்கறதில்லண்ணே. கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கறாரு. பவர்லூம் ஓட்டற பாதிப் பேருக்கு அப்படித்தான் இருக்கு. வயசாயிடுச்சுன்னு விட்டுடறாங்க. சத்தத்தாலன்னு யாருமே சொல்லலை."

அவ்வளவுதான் சார். மார்க் அங்கே இருக்கிறது! 'சேவை' என்ற வார்த்தை ஆயிரம் பேர் வாயில் வரும். நைனாவின் இடது காது இவன் ஒருவன் வாயில்தான் வரும். பலத்த இயந்திரச் சத்தத்தில் வருஷக்கணக்கில் வேலை செய்தால் உள்காதின் நுண்ணிய செல்கள் செத்துப்போகும், போனது திரும்பாது, காதடைப்பான் போட்டால் பெருமளவு தடுக்கலாம் என்று இரண்டு வாக்கியம் உயிரியல் பாடத்தையும் சேர்த்துச் சொன்னால், எதிரே இருப்பவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்காருவார்.

இன்னொரு விஷயம். எல்லையோரப் பையன்கள் வீட்டில் தெலுங்கு பேசுவதை வெளியே சொல்லக் கூச்சப்படுகிறார்கள். 'நம்ம தமிழ் ஒரு மாதிரி இழுக்குதே' என்று ஒரு தாழ்வு மனப்பான்மை. அட, அதுதானப்பா உன் சொத்து! இந்த வட்டாரத்து ஆஸ்பத்திரிக்கு ஒரு பாட்டி வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு தெலுங்கில் புலம்பினால், எங்கே வலி, எப்போதிருந்து வலி என்று மொழிபெயர்ப்பாள் இல்லாமல் கேட்கத் தெரிந்த டாக்டர் எவ்வளவு பெரிய ஆறுதல்! நோயாளி சொல்வது புரிந்தால்தானே வைத்தியமே ஆரம்பிக்கும்? ராணுவத்தில் இன்னும் விசேஷம், அங்கே பத்து மாநிலத்து ஜவான்கள். இரண்டு மொழியில் வளர்ந்தவனுக்கு மூன்றாவது சீக்கிரம் வரும். இதைக் குறையாக மறைக்காமல் தகுதியாகச் சொல்லக் கற்றுக்கொடுங்கள்.

தைரியம் டானிக் பாட்டிலில் வராது

பழக்கத்தில்தான் வரும். சில வழிகள்:

ஒன்று. படிவத்தில் எழுதிய ஒவ்வொரு வரியும் ஒரு கேள்வி. 'பொழுதுபோக்கு: புத்தகம் படித்தல்' என்று எல்லோரும் எழுதுவார்கள். 'கடைசியாகப் படித்தது எது?' என்றால் முழிப்பார்கள். தெரிந்ததை மட்டும் எழுதட்டும். தறியில் நைனாவுக்கு உதவி என்று எழுதினால் தாராளமாக எழுதலாம். நூற்றுக்கணக்கான இழையில் அறுந்த ஒன்றைக் கண்ணால் பிடித்து முடிச்சுப் போடுகிறவனுக்குக் கவனமும் கைநிதானமும் உண்டு என்பதற்கு வேறு சர்டிபிகேட் எதற்கு?

இரண்டு. மனப்பாடம் வேண்டாம். மூன்று குறிப்பு மட்டும் மனதில் இருக்கட்டும், வார்த்தை அந்தந்த நேரத்தில் வரட்டும். ஒப்பித்தால் குரல் ஒரே சுருதியில் போகும். நடுவில் ஒரு வார்த்தை மறந்தால் மொத்தமும் அறுந்துவிடும்.

மூன்று. செல்போனில் பதிவு செய்யுங்கள். அன்று சுப்ரீம் கோர்ட் டேப்பைப் பற்றிச் சொன்னது நமக்கும் பொருந்தும். ஒரு நிமிஷத்தில் எத்தனை 'வந்து', எத்தனை 'அதாவது' என்று அவனே எண்ணட்டும். மறுநாள் பாதியாகக் குறையும். தறி ஓடுகிற வீட்டில் வளர்ந்தவர்களுக்குக் குரலில் பஞ்சம் இருக்காது. மேஜைக்கு எதிரே எந்த அளவு போதும் என்பதையும் இந்தப் பதிவே சொல்லிக்கொடுக்கும்.

நான்கு. 'தெரியாது சார்' என்று நேராகச் சொல்லப் பழக்குங்கள். டாக்டர் தொழிலில் உளறினால் உயிர் போகும். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறவனை அதனால்தான் அங்கே மதிப்பார்கள். 'தெரியாது சார், ஆனா இப்படி இருக்கலாம்னு நினைக்கிறேன்' என்றால் இன்னும் உத்தமம்.

ஐந்து. ஆங்கிலம். தினமும் இங்கிலீஷ் பேப்பரில் ஒரே ஒரு செய்தியைச் சத்தமாகப் படித்து, மூடி வைத்துவிட்டு, அதையே நாலு வாக்கியத்தில் சொல்ல வேண்டும். மூன்று மாசத்தில் நாக்கு திரும்பும். இலக்கணத்துக்குப் பயந்து வாயை மூடினால் முப்பது வருஷமானாலும் திரும்பாது.

ஆறு. வேறு வேறு ஆளைக் கேட்கவையுங்கள். அண்ணன் கேட்டால் சிரிப்பு வரும். உங்க ஆபீஸில் யாராவது சிடுமூஞ்சி சூபரின்டென்டென்ட் இருப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காபிக்குக் கூப்பிட்டு உட்காரவையுங்கள். அவருடைய முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லத் தெரிந்தவன் எந்த பிரிகேடியர் முன்னாலும் பேசுவான்!

ஏழு. இதெல்லாம் நீட்டைத் தாண்டிய பிறகுதான் என்பதையும் மறக்கக் கூடாது. 2025-ல் நடந்தபடி 180 கேள்வி, 180 நிமிஷம், 720 மார்க். அதில் பாதிக் கேள்வி உயிரியல். சரிக்கு நாலு, தப்புக்கு ஒன்று கழிவு. தமிழிலும் எழுதலாம். ஆனால் படிவத்திலேயே மொழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தக் கட்டத்தையும் நீங்கள்தானே நிரப்பப் போகிறீர்கள்? பையனிடம் கேட்டுவிட்டு நிரப்புங்கள்!

கிடைக்காவிட்டால்?

இந்தக் கேள்வியைப் பரீட்சைக்கு முன்னாலேயே வீட்டில் பேசிவிடுவது நல்லது. 'நீ டாக்டராகலைன்னா நான் தலை நிமிர்ந்து நடக்க முடியாது' என்று பாசத்தில் சொல்லும் ஒரு வாக்கியம், பதினேழு வயது நெஞ்சில் எவ்வளவு கனமாக உட்காரும் என்பது சொன்னவருக்குத் தெரியாது. இன்னொரு முறை எழுதுவதா, எத்தனை முறை, அதற்கு வீட்டில் தெம்பு இருக்கிறதா, பக்கத்தில் நர்ஸிங், பிசியோதெரபி, லேப் படிப்பு என்ன இருக்கிறது... எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் எழுதி வைத்துவிட்டால், பரீட்சை ஹாலில் அவனுக்குப் பாதி பயம் போய்விடும். கீழே வலை கட்டியிருக்கிறது என்று தெரிந்தவன்தான் கயிற்றில் நிதானமாக நடப்பான்.

திருத்தணிக்காரர்கள் பெருமையாகச் சொல்லும் டாக்டர் ராதாகிருஷ்ணன் தத்துவம் படிக்கப் போன கதை தெரியும்தானே? உறவுக்காரர் ஒருவர் படித்து முடித்த தத்துவப் புத்தகங்கள் செலவில்லாமல் கிடைத்ததால் அந்தப் பாடத்தை எடுத்தார் என்பார்கள். கையில் கிடைத்ததைக் கெட்டியாகப் பிடித்தவர், நாட்டின் ஜனாதிபதியானார். ஸ்டெதாஸ்கோப் இல்லாமலே டாக்டர்!

திருவள்ளூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறந்தாகிவிட்டது. அம்மையார்குப்பத்துப் பையனுக்கு இப்போது தூரம் பஸ் டிக்கெட்டில் இல்லை, காகிதத்திலும் பயத்திலும்தான். பயத்தைப் பையன் பார்த்துக்கொள்வான், நீங்கள் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டால் போதும். காகிதம் உங்கள் டிபார்ட்மென்ட்.

சனிக்கிழமை அரை நாள் லீவு போடுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, பத்தாவது மார்க் ஷீட் மூன்றையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இனிஷியலில் ஆரம்பித்து ஒவ்வோர் எழுத்தாகப் படியுங்கள். ஒன்றாக இருந்தால் தம்பிக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கிக் கொடுங்கள். வேறாக இருந்தால்... திங்கட்கிழமைக்கும் லீவு சொல்லிவிடுங்கள் சார்!